ஆளு இருக்கணும்

ஊசி போட வரலண்ணே. படுங்க. நான் இந்த வார்டு சிஸ்டர் இல்ல, ஆப்பரேஷன் தியேட்டர் சிஸ்டர், ஜோசபின். அன்னிக்கு மாஸ்க் போட்டிருந்தேன், அதான் அடையாளம் தெரியல. டூட்டி முடிஞ்சிருச்சு, சும்மாதான் வந்தேன்.

உங்களைப் பாக்க யாருமே வரலைன்னு ஆயா சொன்னாங்க. தம்பி ஜோகூர்லயா? சரி, லீவு கிடைக்கணும்ல. நானும் சிராங்கூன் ரோட்டுல ஒரு ரூம்ல தனியாதான் இருக்கேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போனா நாலு பேரு பேசுவாங்க, அவ்வளவுதான்.

உள்ள என்ன செஞ்சாங்களா? டாக்டர் சொல்லலையா? காதுக்குப் பின்னாடி எலும்பைத் தொறந்து, புதுசா வந்த மைக்ராஸ்கோப் வச்சுப் பாத்தாங்க. காது நரம்புல இருந்த கட்டி துண்டுதுண்டா நல்லாத்தான் வந்துச்சு. கடைசியில ஒரு ரத்தக்குழாயோட ஒட்டிக்கிச்சு. நீலமா, நூலாட்டம் இருந்துச்சு. சின்ன டாக்டர், அதைச் சுட்டு அடைச்சிட்டு மொத்தமா எடுத்துரலாம்னாரு. பெரிய டாக்டர் கையை எடுத்துட்டாரு. போன வருஷம் ஒரு அம்மாவுக்கு அப்படித்தான் அடைச்சாங்க. ரத்தம் திரும்பிப் போக வழியில்லாம மூளை வீங்கிருச்சு. அந்தம்மா கண்ணே தொறக்கல.

கொஞ்சம் கட்டி இருந்துட்டுப் போகட்டும், ஆளு இருக்கணும்னாரு.

அப்புறம் அந்தக் குழா காஞ்சுபோகாம நான் சொட்டுசொட்டா உப்புத்தண்ணி விட்டுக்கிட்டே இருந்தேன். கை மரத்துப்போச்சு. வேற யார்கிட்டயும் குடுக்க மனசு வரல.

மறுபடி வளருமா? வளரலாம், ரொம்ப மெதுவா. காது போனது போனதுதாண்ணே. மூஞ்சி கோணினது கொஞ்சம் கொஞ்சமா சரியாகும்னு டாக்டர் நம்புறாரு. இருங்க, அந்தக் கண்ணு மூட மாட்டேங்குது, மருந்து விடறேன். துடைக்காதீங்க.

ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு முதல்ல எப்படி ஆரம்பிச்சுச்சு? இரைச்சலா? விடாமயா? போனை அந்தக் காதுல வச்சா பேச்சு புரியாதா? நடக்கிறப்ப ஒரு பக்கமா தள்ளுச்சா?

ம்.

இல்லண்ணே, டாக்டர் கேக்கச் சொல்லல. எனக்கும் வலது காதுல அப்படித்தான் இருக்கு, கிறிஸ்மஸ்லேருந்து. நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட சொல்லலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது ஒருதடவை வாய்விட்டுச் சொல்லிப் பாக்கணும் போல இருந்துச்சு.