இரண்டாவது பிடி

சாத்தான்குளம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருவர் மடியில் ஆங்கிலப் பரீட்சைத் தாள்கள், மற்றவர் மடியில் மளிகைப் பை. ஜன்னலைப் பார்ப்பதுபோல் காதைக் கொடுத்தேன்.

"இங்கிலீஷ்ல ப்ரொவைட்னா குடுக்கதுன்னுதான் இத்தன வருசம் பிள்ளையளுக்குச் சொன்னேன்க்கா. நேத்துதான் அகராதியப் பாத்தேன். லத்தீன்ல அது 'முன்கூட்டியே பாக்கது'ன்னு இருந்திருக்கு."

"பாக்கது எப்படி டீச்சர் குடுக்கதாவும்?"

கேட்ட பைக்காரப் பெண்ணே தொடர்ந்தார்.

"உலை வைக்கும்போது, ஞாயித்துக்கெழம வேதக்கோயில் ஆராதனைக்குக் கொண்டு போவன்னு ஒரு பிடி அரிசி எடுத்து வைப்போம்லா. 'நமக்கே இல்ல, கோயிலுக்கு என்னத்துக்கு'ன்னு மாமியார்கிட்ட சண்ட போடுவேன். அவங்க பாட்டுக்கு அள்ளிப் போடுவாங்க."

"ம்."

"வெள்ளத்துல வீட்டுக்குள்ள தண்ணி வந்து, மூணு நாள் கோயில்ல கெடந்தோம். அங்கன காய்ச்சுன கஞ்சி பூரா அந்தப் பிடியரிசிதான். எம் பிள்ளையளும் அதத்தான் குடிச்சுது."

டீச்சர் தாள்களை மூடி வைத்தார்.

"இப்ப நீங்க எடுத்து வைக்கியளாக்கா?"

"ரெண்டு பிடி வைக்கேன்."

"ரெண்டாவது யாருக்கு?"

"தெரியாது டீச்சர். அது யாருக்கோ, அவங்க இன்னும் வரல."