வயல் நடுவில் கற்குவியல்

பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களைப் படிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் போதும். காலையில் எழுதிய பக்கங்கள் முத்து முத்தாக இருக்கும். நாளெல்லாம் குதிரை வண்டியில் பண்ணை பண்ணையாக அலைந்த மனிதர் சாயங்காலம் எழுதியது கோழி கிளறியது போலிருக்கும். இருபத்திரண்டு வருடமாகச் செவ்வாயும் வியாழனும் நம் மாவட்ட வரலாற்றுச் சங்கத்தில் உட்கார்ந்து இதைத்தான் செய்துவருகிறேன். உங்கள் அம்மா வழி ஆட்களைக்கூட நான்தான் தேடிக் கொடுத்தேன், ஷெரீஃப். அப்போது நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக வரிசையாகவே சொல்கிறேன்.

என் அப்பாவின் தாத்தா, அதாவது என் பூட்டனார், டோர்கர் பிரெக்கெ நார்வேயிலிருந்து இந்த டகோட்டா சமவெளிக்கு வந்தவர். அந்தக் காலத்துச் சட்டம் எளிமையானது. நூற்றறுபது ஏக்கரில் குடிசை போட்டு, ஐந்து வருடம் குடியிருந்து உழுதால் நிலம் உங்களுடையது. ஆறு மாதத்துக்கு மேல் நிலத்தை விட்டுப் போனால் உரிமை போயிற்று. வேறு யாராவது நில அலுவலகத்துக்குப் போய், “இவர் நிலத்தைக் கைவிட்டுப் போய்விட்டார்” என்று சத்தியம் செய்து அதை எடுத்துக்கொள்ளலாம். டோர்கருக்குப் பட்டா கிடைத்தது 1894இல். ஒரே குடும்பத்தின் கையில் நூற்றிருபத்தைந்து வருடம் இருந்த பண்ணைக்கு மாவட்டத்தில் ஒரு பலகை கொடுக்கிறார்கள். நீல எழுத்துப் போட்டது. என் தம்பி லாயிட் வாசலில் மாட்டியிருக்கிறானே, அதுதான்.

அந்தப் பலகைக்காக நான் காகிதம் திரட்ட ஆரம்பித்தது பன்னிரண்டு வருடம் முன்னால். தலைநகரிலிருந்து நிலக்கோப்பு தபாலில் வந்தது. அதில் எங்கள் நிலத்துக்கு முதலில் எழுதியிருந்த பெயர் டோர்கர் இல்லை. நெல்ஸ் ஹோவ்லாண்ட். 1885 கணக்கெடுப்பிலும் அங்கே அவர்தான் இருக்கிறார். மனைவி குன்ஹில்டும் இருக்கிறாள். டோர்கர் அடுத்த நிலத்துக்காரரிடம் கூலி ஆள். பிறகு 1888இல் டோர்கர் செய்த சத்தியம் இருக்கிறது: “நெல்ஸ் ஹோவ்லாண்ட் கிளம்பிப் போய்விட்டார், ஆறு மாதத்துக்கு மேலாகிறது, இருப்பிடம் தெரியவில்லை.” இடையில் நடந்ததை 1890 கணக்கெடுப்பில் பார்க்கலாம் என்றால் அந்தத் தாள்கள் தீயில் போய்விட்டன. அடுத்த 1900 தாளில் டோர்கர் பிரெக்கெ, விவசாயி, சொந்த நிலம் என்று இருக்கிறது.

அந்தச் சத்தியப் பத்திரத்தை நான் கோப்பிலிருந்து எடுத்து என் வீட்டு அலமாரியில் வைத்தேன். அது தவறில்லை. ஒரு தாளை எடுத்து வைப்பது வேறு, பொய்யை எழுதுவது வேறு. பொய்யை நான் ஒருநாளும் எழுதியதில்லை.

கோர்டன் போன வருடம் அக்டோபர் மாதம் ரயிலில் வந்தார். வயது அறுபத்திரண்டு. மினசோட்டாவில் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளியூரிலிருந்து வருபவர்களை நிலையத்தில் போய் அழைத்துவருவது எங்கள் சங்கத்தின் வழக்கம். அவர் நெல்ஸுடைய கொள்ளுப்பேரன் என்பது வண்டியில் வரும்போதே தெரிந்துவிட்டது.

“எனக்கு ஒரு அடி நிலம்கூட வேணாம், ஆல்வினா,” என்றார். “எங்கம்மாவுக்குத் தொண்ணூறு வயசாச்சு. அவங்களுக்கு ஒரு பதில் வேணும். எங்க தாத்தா வாழ்நாள் பூரா ‘ஓடிப்போனவன் மகன்’னு பேர் வாங்கினவர். பிரசவத்துக்குப் பொறந்த வீடு போயிருந்த பொண்டாட்டியையும் கைக்குழந்தையையும் விட்டுட்டு ஓடிட்டான்னு ஊரே பேசிச்சு. நெசமாவே ஓடினானா, இல்லையா? அது மட்டும் தெரிஞ்சா போதும்.”

குன்ஹில்டை அவர் தேடிப் பிடித்துவிட்டார். 1900, 1910, 1920 என்று மூன்று கணக்கெடுப்பிலும் துணி வெளுப்பவள் என்று இருக்கிறாள். வீட்டில் புருஷன் இல்லை. மானத்துக்கு அஞ்சி விதவை என்று சொல்லிவிடுவார்கள் மற்றப் பெண்கள். இவள் மூன்று தடவையும் ‘மணமானவள்’ என்றே சொல்லியிருக்கிறாள். அந்த எழுத்தின் மேல் கோர்டன் விரலை வைத்துக் காட்டினார். எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

நான் எடுத்து வைத்திருந்த தாளின் இன்னொரு பிரதி அவரிடம் இருந்தது. நெல்ஸின் பெயரில் தனிக்கோப்பு உண்டு என்பதை நான் யோசிக்கவில்லை. அவர் இரண்டு காகிதங்களைச் சங்கத்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று, 1888இல் சாட்சி ஒருவர் சொன்னது: நெல்ஸ் குடிசைக்குப் பக்கத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார், முப்பத்தெட்டு அடி ஆகிவிட்டது, ஈரம் கண்டுவிட்டது. இன்னொன்று, பட்டா வாங்கும்போது டோர்கர் சொன்னது: நிலத்தில் கிணறு இல்லை, ஒரு மைல் தள்ளியுள்ள குட்டையிலிருந்து தண்ணீர் கொண்டுவருகிறேன்.

“தோண்டின கிணத்தை வெச்சிக்கிட்டு எந்த மடையனாவது அஞ்சு வருஷம் ஒரு மைல் தண்ணி சுமப்பானா?” என்று கேட்டார்.

“எங்க ஆளுங்க பிடிவாதக்காரங்க,” என்றேன். சிரித்தார். நல்ல சிரிப்பு.

பிறகு எங்கள் பண்ணையை வானத்திலிருந்து எடுத்த படம் ஒன்றை விரித்து, நெல்ஸின் குடிசை இருந்த இடம் என்று ஒரு கற்குவியலைக் காட்டினார். கற்குவியல் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். குளிர் காலம் முடிந்ததும் பனி இறுகிய மண் கற்களைக் கக்கும். வசந்தத்தில் குடும்பத்தோடு பொறுக்கி வயல் ஓரத்தில் கொட்டுவோம். எல்லாருக்கும் ஓரத்தில்தான் குவியல். எங்கள் வடக்கு வயலில் மட்டும் நட்டநடுவில் இருக்கிறது. நாலு தலைமுறையாக அதைச் சுற்றிச் சுற்றி உழுகிறோம். “இந்தச் சனியனை ஒரு நாள் வாரித் தள்ளப்போறேன் பாரு” என்று லாயிட் விதைப்புக்கு விதைப்பு திட்டுவான். தள்ளியதில்லை. என் தாத்தா காலத்தில் அங்கே ஒரு குதிரையின் கால் இறங்கிவிட்டதாம். தாத்தா ரயில் தண்டவாளக் கட்டைகளைப் போட்டு மூடி, மேலே கல்லைக் குவித்துவிட்டு வந்தார். எங்கள் வீட்டில் எட்டிப் பார்க்கும் பழக்கம் கிடையாது.

“அங்க ஒரு தடவை போய்ப் பாக்கலாமா?” என்றார் கோர்டன். மாட்டேன் என்றால் தப்பாக நினைப்பார். சனிக்கிழமை மத்தியானம் கூட்டிப்போனேன். லாயிட் சூரியகாந்தி ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போயிருந்தான்.

வழியில் பேச்சுக்காக எங்கள் வீட்டு வேடிக்கை ஒன்றைச் சொன்னேன். டோர்கருக்குக் கடைசி காலத்தில் புத்தி தடுமாறிவிட்டது. அந்தக் கற்குவியல் பக்கம் போய் நின்றுகொண்டு, “பொறு, கயிறு எடுத்துட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவார். வந்து சாப்பிட உட்கார்ந்துவிடுவார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது கடைக்குப் போய்த் திரும்ப நேரமானால், “டோர்கர் கயிறு எடுக்கப் போன கதைதான்” என்போம். லாயிட் அவன் பெண்டாட்டியை இன்னமும் அப்படித்தான் கிண்டல் செய்கிறான். கோர்டனும் சிரித்தார். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கற்களை அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் எடுத்துப் போட்டோம். இரண்டு மணி நேரத்தில் கட்டைகள் தெரிந்தன. மேலே தார் பளபளத்தது, கீழ்ப்பக்கம் மக்கியிருந்தது. அது என் பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்தது. “ஏறாதீங்க” என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் எதையும் மறைக்கவில்லை.

அவர் ஏறினார், கட்டை முறிந்து உள்ளே போய்விட்டார். முப்பது அடி இருக்கும். அடியில் சரிந்த மண். கொஞ்சநேரம் புழுதி அடங்கவில்லை. பிறகு குரல் வந்தது.

“ஆல்வினா, கால் போச்சு. உசுருக்கு ஒண்ணுமில்ல. வண்டியில கயிறு இருக்கா?”

இருந்தது. ஆனால் வீட்டுக் கொட்டகையில் இருப்பது இன்னும் நீளம். அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் மறுபடியும் கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது.

“ஆல்வினா, இங்க ஒரு பூட்ஸ் இருக்கு. கால் எலும்போட இருக்கு. ஓடிப்போகல. எங்காளு ஓடிப்போகவே இல்ல. அம்மாகிட்ட சொல்லணும், ஆல்வினா.” அழுதார். சந்தோஷத்தில் அழுதார் என்றுதான் நினைக்கிறேன்.

“பொறுங்க,” என்றேன். “கயிறு எடுத்துட்டு வரேன்.”

கீழே அழுகை நின்றுவிட்டது. அப்புறம் “ஆல்வினா?” என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். நான் அந்தச் சொல்லை வேண்டுமென்று சொல்லவில்லை. அந்த இடத்தில் வேறென்ன சொல்வது?

அந்த வயலில் சிக்னல் கிடையாது, உங்களுக்கே தெரியும். வீட்டுக்குப் போய் உங்களுக்குத்தான் போன் செய்வதாக இருந்தேன். கதவைத் திறக்கும்போதே போன் அடித்தது. கோர்டன் கொடுத்திருந்த நம்பரில் அவருடைய அம்மா பெர்னிஸ்.

“கண்ணு, என் பையன் அங்க இருக்கானா? சாப்பிட்டானா? மருந்து போட மறந்துடுவான்.”

தொண்ணூறு வயது மனுஷி. மகன் குழியில் கிடக்கிறான் என்று எப்படிச் சொல்வது? அந்த அதிர்ச்சியில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? “இப்பத்தான் கிளம்பினார்” என்றேன். சொன்ன பிறகு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிளம்பிப் போனவரைக் கிணற்றிலிருந்து எப்படி எடுப்பது? நீங்களே சொல்லுங்கள். அந்த வயதானவரின் முகத்தில் நான் எப்படி விழிப்பது? யோசிக்க யோசிக்க வழியே தெரியவில்லை. அன்றைக்கு இருந்ததைப்போல் அவ்வளவு திக்கற்று நான் என்றைக்கும் இருந்ததில்லை.

ஞாயிறு சர்ச்சுக்குப் போனேன். காபி ஊற்றுவது என் முறை. மத்தியானம் வயலுக்குப் போனேன். தண்ணீர் கேட்டார். குரல் நைந்திருந்தது. கயிறும் இல்லாமல், தண்ணீரும் இல்லாமல் வெறுங்கையோடு வந்துவிட்டோமே என்று எனக்கே வருத்தமாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். திங்கட்கிழமை குரல் இல்லை. லாயிட் மறுபடி டவுனுக்குப் போனதும் அவனுடைய டிராக்டரை எடுத்துப்போய்க் கற்களைப் பழையபடி தள்ளிவைத்தேன். உயிர் இருந்ததா என்று கேட்கிறீர்கள். நான் எட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்று முன்பே சொன்னேன்.

அவருடைய பை சங்கத்துப் பெட்டி 212இல் இருக்கிறது. உள்ளே இருப்பதையெல்லாம் வகைப்படுத்திப் பட்டியல் போட்டிருக்கிறேன்: மாத்திரை டப்பா, கண்ணாடி, அம்மாவுக்கு வாங்கிய அஞ்சலட்டை ஒன்று. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்த்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

நவம்பரில் உங்கள் ஆள் வந்து விசாரித்தார். “கிளம்பிப் போய்விட்டார், இருப்பிடம் தெரியவில்லை” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். போட்ட பிறகுதான் அந்த வாக்கியத்தை எங்கே படித்தோம் என்பது நினைவுக்கு வந்தது.

பெர்னிஸ் வியாழன்தோறும் சங்கத்துக்குப் போன் செய்வார். பதினாலு மாதம் ஒரு வாரமும் தவறவில்லை. நானும் ஒரு வாரமும் எடுக்காமல் விட்டதில்லை. அவருக்குத் தெரிந்த ஆஸ்பத்திரிகளிலெல்லாம் கேட்டாயிற்று, அநாதைப் பிணங்களையும் விசாரித்தாயிற்று. அந்தக் கடிதங்களை எழுத நான்தான் உதவினேன். ஒரு தொண்டாகத்தான் செய்தேன். போன வியாழன் அவர் வேறு மாதிரி பேசினார்.

“கண்ணு, எனக்குத் தொண்ணூத்தொண்ணு ஆச்சு. இனிமே காத்திருக்க முடியாது. எங்க ரத்தமே அப்படித்தான் போலிருக்கு. எங்க குடும்ப வரலாற்றுத் தாள்ல எழுதிடு: ‘தாத்தா ஓடினான், மகனும் ஓடினான்’னு. நீ எழுதினா அதுதான் பதிவு. அதைப் பாத்துட்டு நான் படுத்துடறேன்.”

தாளை எடுத்து வைத்தேன். பேனாவைத் திறந்தேன். எழுத முடியவில்லை, ஷெரீஃப். தெரிந்தே தவறான பதிவு எழுத என் கை வராது. அதனால்தான் உங்களை வரச்சொன்னேன்.

தரை இறுகியிருக்கிறது. ஆனால் உங்கள் இயந்திரம் தோண்டிவிடும். இரண்டு பேர் இருப்பார்கள். மேலே இருப்பவர் கோர்டன். கீழே இருப்பவர் நெல்ஸ் ஹோவ்லாண்ட். மாற்றிக் குறித்துவிடாதீர்கள். பெர்னிஸிடம் நல்ல செய்தி என்றே சொல்லுங்கள்: அவர்கள் வீட்டில் யாருமே ஓடிப்போகவில்லை. லாயிட்டுக்கு எதுவும் தெரியாது. பலகையை அவன் வாசலிலேயே விட்டுவிடும்படி மாவட்டத்துக்கு ஒரு வார்த்தை சொல்ல முடிந்தால் நன்றி.

இன்னொரு விஷயம். ‘கொன்றாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் கொன்றதில்லை. நான் கயிறு எடுக்கத்தான் போனேன். வழியில் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.