அறுபதைத் தாண்டினால் ஆட்டம் நின்றுவிடும்

உங்கள் வண்டி வாசலில் வந்து நின்றபோதே பார்த்தேன் ஐயா, முன்சக்கரம் இரண்டும் கரி பிடித்துக் கிடக்கின்றன. பின்சக்கரங்கள் பரவாயில்லை. எல்லா வண்டியிலும் அப்படித்தான். பிரேக்கை மிதிக்கும்போது பாரம் முன்னால் வந்து விழுகிறது, தேய்கிற தூசியெல்லாம் முன்சக்கரத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. இந்தத் தீவில், சாலினாஸ் மாதிரிக் கடற்கரை ஊரில் அதை அப்படியே விட்டுவைத்தால் ஆறே மாதத்தில் அம்மை போட்ட முகம்போல ஆகிவிடும். பிறகு எந்த மருந்துக்கும் கேட்காது.

நீங்கள் கேட்க வந்தது அதை அல்ல என்று தெரியும். மேஜைமேல் அந்தப் பதிவுக் கருவி ஓடட்டும். நான் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் காபியைக் குடித்துவிடுங்கள், ஆறிப்போனால் வாயில் வைக்க முடியாது.

என் மகள் நெரெய்தாவும் அவள் புருஷன் எட்கார்தோவும் பொன்சேயில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இங்கே வந்துவிடுவார்கள். வண்டியை என் போர்டிகோவில் விட்டதும் நான் வாளியை எடுப்பேன். சக்கரம் சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது, கை வைத்துப் பார்த்து ஆறிய பிறகுதான் தொடவேண்டும். சக்கரத்துக்கென்று தனி வாளி, தனித் துணி. அந்தத் துணி தப்பித்தவறி வண்டியின் மேல் பட்டால் கீறல் விழும். அமிலம் கலந்த மருந்து என் வீட்டு வாசலையே மிதித்ததில்லை, இன்றைக்குப் பளபளப்பைக் காட்டி நாளைக்கு மேல்பூச்சைத் தின்றுவிடும் அது. நட்டுக் குழிகளைத் தேய்க்கப் பழைய பல் பிரஷ். மாதம் ஒரு முறை நான்கு சக்கரத்தையும் கழற்றி, உட்புறத்தையும் கழுவிக் காயவைத்து, மெழுகு பூசி மாட்டுவேன். உப்பு உள்ளேதான் குடியிருக்கும். வெளியே மினுக்கிவிட்டு உள்ளே அப்படியே விடுகிறவனைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் கழுவி முடிக்கும்வரை நெரெய்தா இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அந்த வாரத்துக் கதையெல்லாம் சொல்வாள். எட்கார்தோ கையில் பீருடன் சுற்றி வருவான்.

"என்ன மாமா, இதப் பாத்தே சவரம் பண்ணிக்கலாம் போலருக்கே."

"மொதல்ல ஒன் தொப்பை அதுல அடங்குதான்னு பாரு."

"அதுக்கு லாரிச் சக்கரம் வேணும்பா," என்பாள் நெரெய்தா. மூன்று பேரும் சிரிப்போம். எட்கார்தோ நல்ல மனிதன். மருத்துவமனையில் நர்சு வேலை, அதிர்ந்து பேசமாட்டான். அதையும் உங்கள் கருவி கேட்டுக்கொள்ளட்டும்.

பெரிய புயலைப் பற்றி நான் சொல்லாமல் விட்டால் மற்றது உங்களுக்குப் புரியாது. என் மனைவி ஐதேவுக்குச் சர்க்கரை வியாதி. புயலில் மின்சாரம் போயிற்று, ஐஸ்பெட்டியில் வைத்திருந்த ஊசி மருந்து கெட்டுப்போயிற்று. இரண்டு பக்கமும் சாலை மூடிக்கிடந்தது. அக்கம்பக்கத்தில் ஒரு ஆள் இல்லை, எல்லோரும் பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போயிருந்தார்கள். நான்காம் நாள் காலையில் அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாள், இதோ இந்த நாற்காலியில், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மின்நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் கொதிகலன் இரைச்சலில் வேலை பார்த்தவன் நான். அந்த இரண்டு நாளில் வீட்டுக்குள் எதுவும் சத்தம் போடவில்லை. என் மூச்சுகூட யாரோ ஒருவருடையதுபோல் கேட்டது. எழுந்து கதவைத் திறக்கப் பயமாக இருந்தது, திறக்காமல் இருக்கவும் பயமாக இருந்தது.

ஆறாம் நாள் சேற்றில் சக்கரம் வருகிற சத்தம் கேட்டது. நெரெய்தா. வழியில் பாலம் உடைந்திருந்ததாம். வண்டியை ஆற்றுக்குள் இறக்கி ஓட்டியிருக்கிறாள். விழுந்து கிடந்த மின்கம்பத்தைக் கயிறு கட்டி இழுத்துப் போட்டிருக்கிறாள், தனி ஆளாக. தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுப்பைப் பற்றவைத்தாள். நான் வெளியே போய், பிடித்துவைத்த மழைத்தண்ணீரில் அவள் சக்கரங்களைக் கழுவத் தொடங்கினேன். வேண்டாம்பா என்று கெஞ்சினாள். என்னால் நிறுத்த முடியவில்லை.

அன்று எனக்குள் புகுந்த பயம் வெளியே போகவே இல்லை ஐயா. திங்கட்கிழமை விடிந்தால் நாள்காட்டி முன்னால் போய் நிற்பேன். எண்ணிப் பார்ப்பேன், இன்னும் ஆறு நாள். ஆறாம் நாள் யாரும் வராமல் போனால்?

ஒரு ஞாயிறு வரவில்லை. தோழி வீட்டுக் கல்யாணம் என்று போனில் சொன்னாள். அடுத்த ஞாயிறு வந்தபோது, பின்சக்கரத்து வால்வு ஊசியை அரைச் சுற்று தளர்த்திவிட்டேன். செவ்வாய்க்கிழமை காற்று இறங்கிவிட்டது என்று அவள் கூப்பிட, நான் போய்ச் சரிசெய்து, இரவுச் சாப்பாடும் அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தேன். யாருக்கு என்ன நஷ்டம்? பிறகு ஒரு முறை ஆணி. அப்புறம் இன்னொரு ஆணி. பொன்சே சாலையில் ஆணிக்கா பஞ்சம், அவர்கள் சந்தேகப்படவே இல்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, துவரை போட்ட சோறும் பன்றி வறுவலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எட்கார்தோ முட்கரண்டியை வைத்துவிட்டு நெரெய்தாவைப் பார்த்தான். அவள்தான் சொன்னாள்.

"அப்பா, புளோரிடாவுல, ஒர்லாந்தோவுல இவருக்கு வேலை கெடச்சிருக்கு. இங்க வாங்குறதுக்கு ரெண்டு மடங்கு. நீங்களும் எங்ககூட வந்துடுங்க."

"நான் வந்து அங்க என்ன பண்ணுறது?"

"சக்கரம் கழுவுங்க மாமா," என்றான் எட்கார்தோ. "அங்க கடல் உப்பு கெடையாது, ஒங்களுக்கு வேலை கொறைச்சல்."

நானும் சிரித்தேன். உப்பு இல்லாத ஊரில் என் தயவு யாருக்கு வேண்டும்? அது எனக்கு அப்போதே பட்டது. அதோடு ஐதே இங்கே மண்ணில் கிடக்கிறாள். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

எதிர்வீட்டுக் கிழவி தோன்யா லூமிக்கு ஐந்து பிள்ளைகள், ஐந்தும் புளோரிடாவில். நாள் முழுக்கத் தொலைக்காட்சியோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். விஷயம் கேள்விப்பட்டு வேலியருகே வந்து நின்றாள்.

"ஒங்க வீட்டுலயும் ஆச்சா, தோன் ஒக்தாவியோ? மொத வருசம் கிறிஸ்துமஸுக்கு வருவாங்க. அப்புறம் போன்ல வருவாங்க. அதுக்கப்புறம் நம்ம பொணத்துக்குத்தான் வருவாங்க. அதுவும் டிக்கெட் கெடச்சா."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் உள்ளே போய், மிச்சமிருக்கிற ஞாயிறுகளை நாள்காட்டியில் எண்ணினேன்.

வண்டியைக் கப்பலில் அனுப்புவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை பகல் ஒரு மணிக்குள் சான் ஹுவான் துறைமுகத்தில் விடவேண்டும், வியாழக்கிழமை இவர்கள் விமானம் ஏறவேண்டும். அழுக்கு வண்டியைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். அதனால் திங்கள் காலை ஏழு மணிக்கே இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். அவளேதான் கேட்டாள். "கடைசியா ஒரு தடவ நல்லா கழுவிக் குடுங்கப்பா, உள்பக்கமும் சேத்து." கடைசியாக என்ற சொல்லை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

நான்கையும் கழற்றிக் கழுவினேன். மெழுகு பூசினேன். மூன்றை முறைப்படி மாட்டினேன். நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, அளவு காட்டும் ஸ்பானரில் 'டக்' என்று கேட்கும்வரை இறுக்கினேன். முன்பக்கம் இடது சக்கரம் பாக்கி. எட்கார்தோ வந்து குனிந்தான்.

"குடுங்க மாமா, இத நான் முறுக்குறேன். ஒங்களுக்கு முதுகு வலிக்கும்."

"ஒரு சக்கரம் பாக்கி இருக்கும்போது வந்து ஒதவுறியா? போ, போயி ரொட்டியத் தின்னு."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அந்தச் சக்கரத்தில் நட்டு ஏறுகிற மரைகளில் மெழுகைத் தடவினேன். மரையில் வழவழப்புப் பட்டால் நட்டு நிற்காது, தானாக நகர்ந்து வெளியே வரும். வண்டி கழுவுகிற எவனும் அறிந்த பாலபாடம் அது. ஐந்து நட்டையும் விரலால் மட்டும் முறுக்கிவிட்டு, ஸ்பானரைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

என் கணக்கைக் கேளுங்கள். ரொட்டிக்கடை முனை தாண்டுவதற்குள் ஸ்டியரிங் ஆடும். திரும்பி வருவார்கள். நான் பார்த்துச் சரிசெய்வதற்குள் மணி ஒன்று தாண்டிவிடும். அடுத்த கப்பல் அடுத்த வாரம், விமானமும் தள்ளிப்போகும். எனக்கு இன்னும் ஒரு ஞாயிறு. அதற்கு மேல் நான் ஆசைப்படவில்லை.

ஒன்பதரைக்குப் புறப்பட்டார்கள். நெரெய்தா ஓட்டினாள். நான் வாசலிலேயே நின்றேன். பத்து நிமிடமாயிற்று, இருபது நிமிடமாயிற்று, வரவில்லை. விரலால் முறுக்கினேன் என்றாலும் என் விரல் கொஞ்சம் பலமானது.

பத்தேகால் மணிக்கு அவளிடமிருந்து அந்த அழைப்பு வந்தது, போன் கணக்கில் ஐந்து நிமிடம் என்று பதிவாகியிருக்கிறதே, அதுதான். பிரிந்துபோகிற மகளும் அப்பாவும் அழுதிருப்பார்கள், அதனால்தான் ஐந்து நிமிடம் என்று போலீஸ் குறிப்பில் நீங்களாகவே எழுதிக்கொண்டீர்கள், முதல் முறை விசாரித்த அன்று நானும் மறுக்கவில்லை. நாங்கள் அழவில்லை.

"அப்பா, ஸ்டியரிங் ஆடுதுப்பா. எடது பக்கம் ஏதோ கடகடன்னு சத்தம். ஓரங்கட்டட்டுமா?"

"எங்க இருக்கீங்க?"

"மலைமேல கயேயத் தாண்டிட்டோம். எறக்கம் ஆரம்பிக்குது."

பக்கத்திலிருந்து எட்கார்தோ குரல் கொடுத்தான். "நான் எறங்கிப் பாக்குறேன் மாமா. நட்டு ஏதாச்சும் தளந்திருக்கும்."

நிறுத்து என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவன் பின்னாலிருந்து ஸ்பானரை எடுப்பான், பத்து நிமிடத்தில் இறுக்கிவிடுவான். கயேயிலிருந்து யாரும் சாலினாஸுக்குத் திரும்பமாட்டார்கள், நேரே துறைமுகத்துக்குத்தான் போவார்கள். அதோடு ஐந்து நட்டும் சேர்ந்து தளர்ந்திருப்பதை அவள் பார்ப்பாள். என் மகள் முட்டாள் இல்லை. ஆணிகளையும் வால்வையும் ஒன்றொன்றாக நினைத்துப் பார்ப்பாள். அதன்பிறகு எந்த ஞாயிறும் இல்லை, போனும் இல்லை. இதையெல்லாம் யோசிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்கிறீர்கள்? ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். அந்த இறக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். வளைவு, ஓரத்துத் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளம், எல்லாம் கண்ணில் தெரிந்தது. அப்புறம்தான் பேசினேன்.

"அது உள்பக்கம் பூசின மெழுகும்மா. காயாம ஒரு பக்கமா தெரண்டிருக்கும். மெதுவா போனா ஆடத்தான் செய்யும். அறுபதத் தாண்டினா ஆட்டம் நின்னுடும்."

"நெசமாவாப்பா?"

"சக்கரத்தப் பத்தி நான் எப்ப தப்பா சொல்லிருக்கேன்?"

எட்கார்தோ சிரிப்பது கேட்டது. "கேட்டியா, வாத்தியாரே சொல்லிட்டாரு. மிதி."

இன்ஜின் சத்தம் ஏறியது. "கொஞ்சம் கொறையற மாதிரிதான் இருக்குப்பா," என்றாள். என் பேச்சை நம்பியதால் அவளுக்கு அப்படித் தோன்றியிருக்க வேண்டும், அது குறைந்திருக்க வழியில்லை. நான் போனை வைக்கவில்லை. முதலில் ஒரு முறிகிற சத்தம், பிறகு இரும்பு தார்ச்சாலையில் இழுபடுகிற சத்தம், பிறகு எட்கார்தோ அவள் பெயரை ஒரே ஒரு முறை சொன்னது. அதற்குப் பின் ஒன்றுமில்லை. காதில் வைத்தபடியே நின்றேன். இந்த வீட்டில் அந்த இரண்டு நாள் இருந்ததே, அதே அமைதி.

எட்கார்தோ அங்கேயே போய்விட்டான். அவன் தாயைக் கல்லறையில் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். நெரெய்தாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நீங்கள் மூன்று முறை போய்க் கேட்டும் வாய் திறக்கவில்லை என்றீர்கள். தொண்டையில் கோளாறு ஒன்றும் இல்லை என்கிறார் டாக்டர். அவள் பேசாததால்தான் நான் சொல்கிறேன். யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும் அல்லவா? மரையில் மெழுகு தடவியது நான். விரலால் முறுக்கியது நான். வேகமாகப் போ என்றதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ காட்டுங்கள். ஆனால் நாலு மணிக்குள் என்னை விட்டுவிட வேண்டும், பொன்சே மருத்துவமனையில் அப்போதுதான் பார்க்க விடுவார்கள்.

தினமும் போகிறேன். ஞாயிறு என்று காத்திருக்கத் தேவையில்லாமல் போய்விட்டது. ஒர்லாந்தோ பேச்சு இல்லை. எனக்கும் முன்போல் நாள் எண்ணுகிற வேலை இல்லை, இரவில் நன்றாகத் தூங்குகிறேன். அவளுடைய சக்கர நாற்காலியில் முன்னால் இரண்டு சின்னச் சக்கரங்கள் இருக்கின்றன, அவற்றில் தலைமுடியும் நூலும் சுற்றிக்கொள்ளும். அங்கே அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? நான்தான் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து எடுத்துவிட்டுத் துடைக்கிறேன். நான் குனிந்தவுடன் அவள் பெரிய சக்கரம் இரண்டையும் விரல் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். பிரேக் போட்டிருக்கேன்மா, உருளாது என்று சொல்லிப் பார்க்கிறேன், அப்படியும் கையை எடுப்பதில்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கொஞ்சம் பயந்த சுபாவம்.