ஏரி வளைவில் தாழ்ந்த வெளிச்சம்

— பின்னாடி லைட்டே எரியல, அண்ணி. ஓரமா நிறுத்துங்க.

— எரியலையா? முன்னாடி பளிச்சுன்னு எரியுதே, பாரேன்.

— அது பகல் லைட்டு. வண்டிய எடுத்தா முன்னாடி மட்டும் தானா எரியும். பின்னாடி வர்றவனுக்கு இப்படி ஒரு வண்டி போறதே தெரியாது. அந்தக் குமிழத் திருகுங்க. இன்னும் கொஞ்சம். ஆங், இப்ப சரி.

— பழைய வண்டியில இந்தத் தொல்லையே கிடையாது. எல்லாம் ஒண்ணா எரியும், ஒண்ணா அணையும். இத உங்கண்ணன்தான் ஓட்டுவாரு. அவரு போய்ச் சேர்ந்தப்புறம் நான் இப்பதான் தொடுறேன். பாரேன், மத்தியானச் சாப்பாடு செரிக்கல, அதுக்குள்ள கும்மிருட்டு.

— இந்த வடக்குக் கோடியில டிசம்பர்னா அப்படித்தான்.

— டிசம்பர்னா அப்படித்தான்னு எனக்கே சொல்றியா? நானும் இந்த ஊர்லதான் பொறந்தேன். ஒண்ணு கேக்கவா, தௌனோ? உன் வண்டி குளிர்ல செத்துப்போகலைன்னா, நீ இதுல ஏறியிருப்பியா?

— மாட்டேன்.

— நல்லா நேரா சொல்ற.

— அண்ணன் கல்லறையில மெழுகுவத்தி ஏத்த வந்தேன். ஏத்திட்டேன். நீங்க வர்றதுக்குள்ள கிளம்பிடலாம்னு பாத்தேன். வண்டி காலை வாரிடுச்சு.

— அவர அடக்கம் பண்ணினன்னிக்கும் சர்ச்சு வாசலோடயே நின்னுட்ட. நான் பாத்தேன். தொப்பியக் கையில வச்சுக்கிட்டு, காது ரெண்டும் செவந்துபோய் நின்ன. உள்ள வாடான்னு கூப்பிட ஆளனுப்பினேன். அதுக்குள்ள காணோம்.

— உள்ள வந்து என்ன பண்ண? எல்லாரும் என்னையே பாப்பாங்க. அப்பா அடக்கம் முடிஞ்சு எல்லாருக்கும் காப்பி குடுத்தப்ப நான் கத்தினது யாருக்கும் மறந்திருக்காது.

— "அப்பாவைக் கொன்னது உன் லைட்டுதான்டா"ன்னு உங்கண்ணனப் பாத்துக் கத்தின. கிழக்கே மூணு ஊருக்குக் கேட்டிருக்கும்.

— தப்பா சொன்னேனா? நீங்களே சொல்லுங்க அண்ணி. அப்பாவ ஆஸ்பத்திரியிலருந்து கூட்டிக்கிட்டு வர்றேன். எதிர்ல இவன் வர்றான், வண்டியோட ரெண்டு கண்ணையும் முழுசாத் திறந்துக்கிட்டு. எனக்கு ஒண்ணுமே தெரியல, வெறும் வெள்ளை. பள்ளத்துல எறக்கிட்டேன். அப்பாவுக்கு இடுப்பு போச்சு. படுத்தவரு எந்திரிக்கவே இல்ல. கேட்டா, "நான் டிம் பண்ணினேன், நீதான் வேகமா வந்த"ங்கிறான்.

— டிம் பண்ணல.

— என்னது?

— அவரு டிம் பண்ணல, தம்பி. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்ல. பிளாஸ்க்க நீட்டினேன். அத வாங்கத் திரும்பினாரு. அந்தக் கொஞ்ச நேரம்தான். மறந்துட்டாரு.

— இத இப்ப சொல்றீங்க.

— இப்பதான் சொல்றேன்.

— இத்தனை வருஷமா எனக்கே சந்தேகம், அண்ணி. நான்தான் வேகமா வந்தேனோ, நான்தான் அப்பாவக் கொன்னேனோன்னு. அவன் அத்தனை அடிச்சுச் சொன்னானே! ஏன் இல்லன்னான்?

— பயம். பள்ளத்துல அப்பா முனகுறது கேக்குது. போலீஸ்காரன் வந்து கேக்குறான். வாயில முதல்ல வந்தது "டிம் பண்ணினேன்". ஒரு தடவை சொல்லிட்டாரு. அப்புறம் எப்படித் திருப்பி எடுப்பாரு? நானும் வாயத் திறக்கல. என் புருஷன்னு நெனச்சேன். நீயும் எங்க ஆளுதான்னு அப்ப தோணல பாரேன்.

— வந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

— உன் வீட்டு வாசல் வரைக்கும் எத்தனை தடவை வந்து திரும்பியிருக்காரு தெரியுமா? வண்டியிலயே உக்காந்திருப்பாரு. நான்தான் "இறங்குங்க, இறங்குங்க"ன்னுவேன். "ஜன்னல்ல வெளிச்சம் இல்ல, தூங்கிட்டான்"னு சொல்லி வண்டியத் திருப்பிடுவாரு. வெளிச்சம் இருந்த நாள்ல, "யாரோ விருந்தாளி வந்திருக்காங்க போல"ம்பாரு. உங்க குடும்பத்துக்கே வாய்னு ஒண்ணு எதுக்கு வச்சாரு கடவுள்? உருளைக்கிழங்கு திங்கவா? சொல்லு, அவரு வந்து கதவத் தட்டியிருந்தா நீ திறந்திருப்பியா?

— என்னமோ போங்க... பெரிய லைட்டப் போடுங்க அண்ணி, காடு வந்துடுச்சு. கடமான் குறுக்க வந்தா தெரியாது.

— இதத் தள்ளணுமா?

— முன்னாடி தள்ளுங்க. ஆங்.

— கேட்டதுக்குப் பதில் சொல்லல நீ.

— தெரியல. ஒரு காலத்துல திறந்திருப்பேன்னு நெனைக்கிறேன்.

— எந்தக் காலத்துல?

— இந்த வண்டிய வாங்கினப்ப. அவன் டவுன்ல காவலாளி வேலைக்கு, பள்ளிக்கூடக் கதவத் திறக்கப் போவான், நான் ஆலைக்கு இந்தப் பக்கம் வருவேன். ஏரி வளைவுலதான் எதிரும் புதிருமா வருவோம். வெயில் காலத்துல கூட இந்தப் பகல் லைட்டு வெள்ளைக் கோடு மாதிரி அக்கரையிலயே தெரியும். அவன்தான் வர்றான்னு தெரிஞ்சுடும். மழைக்காலம் வந்து காலையில இருட்ட ஆரம்பிச்சதும் கவனிச்சேன். ரொம்ப தூரத்துலயே வெளிச்சத்த இறக்கிடுவான். நான் இன்னும் வளைவுக்கே வந்திருக்க மாட்டேன். யாரும் அவ்வளவு சீக்கிரம் இறக்க மாட்டாங்க.

— ஓ.

— முதல்ல கடுப்பாத்தான் இருந்துச்சு. இப்ப வந்து கத்துக்கிட்டியாடான்னு. அப்புறம் நாளாக நாளாக... தினமும், அண்ணி. ஒரு நாள் தவறல. பனி கொட்டும்போது கூட. எனக்குன்னே பண்றான்னு தோணிச்சு. ஒரு நாள் கையத் தூக்கிக் காட்டலாம்னு நெனச்சுக்கிட்டே போனேன். கையுறையக் கூடக் கழட்டி வச்சேன், வெறுங்கையா காட்டணும்னு. கிட்ட வர்றப்ப தைரியம் வரல. சரி, நாளைக்குன்னு விட்டேன்.

— நாளைக்கு?

— அன்னிக்கு ஆலையில காப்பி குடிக்கிறப்ப கூட வேலை பாக்குற பெர்த்திகிட்ட சொன்னேன். எங்கண்ணன் எனக்காக லைட்ட இறக்குறான்டான்னு. யாருகிட்டயும் அவனப் பத்திப் பேசினதே இல்ல, அன்னிக்கு வாய் சும்மா இருக்கல. பெர்த்தி விழுந்து விழுந்து சிரிச்சான். "அடே, இப்ப வர்ற வண்டியெல்லாம் தானாவே இறக்கிக்கும்டா. கண்ணாடிக்குப் பின்னாடி கேமரா இருக்கு. நீ வந்தாலும் ஒண்ணுதான், குப்பை லாரி வந்தாலும் ஒண்ணுதான். மெஷினுக்கு நீ வணக்கம் வைக்கப் போறியா?"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

— தம்பி...

— அதோட விட்டுட்டேன், அண்ணி. மறுநாள்லருந்து வளைவு வந்தா நான் ஏரியப் பாத்துக்குவேன். சில நாள் வேணும்னே நான் டிம் பண்ணாம கூடப் போயிருக்கேன். மெஷினுக்கு இருக்கிற மரியாத கூட இவனுக்கு இல்லையேன்னு நெனச்சு, அவன் மூஞ்சி மேலயே அடிச்சுக்கிட்டுப் போனேன்.

— நீ என்ன சொல்ற? தானாவா? தௌனோ, இந்த வண்டியில—

— எதிர்ல லாரி, அண்ணி! அவன் அடிச்சுக் காட்டுறான் பாருங்க, லைட்டு!

— அய்யய்யோ, எங்க அது... இந்தா. இறக்கிட்டேன். பாவம், கண்ணு கூசியிருக்கும். மன்னிச்சுக்கப்பா.

— தானா இறங்கலையே.

— இறங்காது.

— கேமராவுல பனி மூடிடுச்சா?

— இல்ல.

— கெட்டுப்போச்சா?

— கெடல, தம்பி. வாங்கின அன்னிக்கே அத நிறுத்தச் சொல்லிட்டாரு. கடையில நானும் கூட நின்னேன். அந்த விக்கிறவன், "இதுக்குத்தானே எல்லாரும் இந்த வண்டிய வாங்குறாங்க"ன்னு அவ்வளவு சொன்னான். இவரு தலைய ஆட்டிட்டாரு. "காலையில எனக்கு எதிர்ல வர்றது என் தம்பி. அவனுக்கு என் கையாலதான் இறக்கணும்"னாரு.