எழுபத்தொன்பது கிலோ

பிப்ரவரி விடுமுறைக்குப் பனிச்சறுக்கு மலையில் நல்ல இடம் வேண்டுமென்றால் அக்டோபரிலேயே பிடித்துவிட வேண்டும், மேடம். நவம்பரில் தேடினால் குப்பைத்தொட்டிகளைப் பார்த்த ஜன்னல்தான் கிடைக்கும். எங்கள் வீட்டில் இந்த வேலை எப்போதும் என்னுடையது. என் கணவர் ரெஜிஸுக்குத் தன் சாக்ஸைக் கண்டுபிடிக்கவே ஒரு ஆள் வேண்டும். நானோ பள்ளியில் பாடவேளை அட்டவணை போடுகிறவள். தொள்ளாயிரம் பிள்ளைகள், எழுபது ஆசிரியர்கள், இருபத்திரண்டு வருடம். ஒருவரைக்கூட ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் போட்டதில்லை.

போன வருடம் அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் சொலேன் மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். இருபத்தேழு வயது, லியோனில் நர்ஸ். நான் வறுத்த கோழியைத் துண்டு போட்டுத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"அம்மா, மொந்த்ரியால்ல வேலை கெடச்சிருச்சு. ஏப்ரல் மூணாந்தேதி சேரணும்."

"எத்தனை மாசத்துக்கு?"

"மாசக் கணக்கெல்லாம் இல்லம்மா. நிரந்தர வேலை."

ரெஜிஸ் எழுந்து போய், விசேஷத்துக்கென்று வைத்திருந்த ஒயினைத் திறந்தார். "உங்கம்மா மூஞ்சியப் பாரு. இப்பவே கனடாவுக்கு அட்டவணை போட ஆரம்பிச்சிட்டா" என்றார். மூவரும் சிரித்தோம். அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை. பாத்திரம் கழுவும்போது குழாயை முழுதாகத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் வந்தேன்.

கிளம்புவதற்கு முன் மூவரும் ஒரு வாரம் மலைக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். சொலேன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் சண்டைக்குத் தயாராக வந்திருக்க வேண்டும். நான் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பேன் என்று நினைத்திருக்க மாட்டாள்.

லா வெர்னாஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. சின்ன ஊர், சரிவின் உச்சிக்கு ஏற்றிவிட ஏழே ஏழு லிஃப்ட், பாரீஸ் கூட்டம் எட்டிப் பார்க்காது. சரிவுகள் சாது. அடிவாரத்திலேயே ஒரு டாக்டர் இருக்கிறார், எக்ஸ்ரே இயந்திரத்தோடு. எலும்பு முறிந்தால் அங்கேயே மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிடுவார்கள் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. போன் செய்தும் கேட்டுக்கொண்டேன். எல்லாத் தாயும் கேட்பதுதானே என்று போனை எடுத்த பெண் பாராட்டினாள்.

காலணி எங்கள் மூவருக்கும் சொந்தமாக உண்டு. சறுக்குப் பலகைகள் மட்டும் வாடகைக்கு. அதற்குக் கடையின் வலைத்தளத்தில் ஒரு படிவம்: பெயர், வயது, உயரம், எடை. காலணியைப் பலகையோடு பிடித்துக்கொள்ளும் பூட்டை அந்த எடையைப் பார்த்துத்தான் முறுக்குவார்கள். விழும்போது பூட்டு கழன்று காலை விட்டுவிட வேண்டும். லேசான ஆளுக்கு இறுக்கிவிட்டால் அது விடாது. பலகை திரும்பினால் காலும் கூடவே திரும்பும். இதைச் சறுக்குகிறவர்கள் எல்லோரும் அறிவார்கள். நான் ஆறு வயதிலிருந்து சறுக்குகிறேன்.

ரெஜிஸுக்கு எழுபத்தொன்பது கிலோ. சொலேனுக்கு ஐம்பத்தாறு. ரெஜிஸ் பெயருக்கு எதிரே ஐம்பத்தாறு என்றும், சொலேன் பெயருக்கு எதிரே எழுபத்தொன்பது என்றும் எழுதினேன்.

எனக்குத் தேவைப்பட்டது ஒரு கால் எலும்பு, அவ்வளவுதான். ஆறு வாரம் கட்டு, இன்னொரு ஆறு வாரம் நடைப்பயிற்சி. ஏப்ரல் தாண்டிவிடும். மொந்த்ரியால் ஆஸ்பத்திரி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். அவள் தன் பழைய அறையில் படுத்துக்கொண்டு, நான் கொண்டுவரும் சூப்பைக் குறை சொல்லிக்கொண்டே குடிப்பாள். அதற்குள் மனம் மாறிவிடும் என்று நம்பினேன். இப்போது இதை உங்கள் முன்னால் சொல்லும்போது என் நாக்கே கூசுகிறது. அன்று கூசவில்லை.

சனிக்கிழமை போய்ச் சேர்ந்ததும், "நீங்க பெட்டியைப் பிரிங்க, வரிசையில நான் நின்னுக்கறேன்" என்று மூன்று ஜோடிக் காலணியையும் நானே தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் அன்செல்முக்கு அறுபது தாண்டியிருக்கும். படிவத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆளுங்க வரலியா மேடம்? நேர்ல பார்த்துத்தான் பூட்டு வெக்கணும்."

"களைச்சுப் போயிருக்காங்க. ஏழு மணி நேரம் கார்ல."

அவர் உதட்டைப் பிதுக்கினார். பின்னால் வரிசை வாசல் வரை நின்றது. ஸ்குரூடிரைவரை எடுத்தார். சொலேனின் பலகைக்கு வந்ததும் கண்ணைச் சிமிட்டினார். "பொண்ணுங்க எழுதற எடைக்கு மேல நான் மூணு கிலோ கூட்டிக்குவேன். முப்பது வருஷ அனுபவம். உங்க மகள்கிட்ட சொல்லிடாதீங்க, கண்ணைத் தோண்டிருவா."

நானும் சிரித்தேன். அவர் இன்னும் கொஞ்சம் முறுக்கினார்.

ஞாயிறன்று ரெஜிஸின் பலகைகள் ஒவ்வொரு மேட்டிலும் கழன்று ஓடின. அவர் ஒரு பக்கம், அவை ஒரு பக்கம். சொலேன் பனியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, உன் பலகைக்கே உன்னைப் பிடிக்கல!" அன்று இரவு பாலாடைக்கட்டியை உருக்கி உருளைக்கிழங்கின் மேல் ஊற்றிச் சாப்பிட்டோம். அப்படி ஒரு சந்தோஷமான நாள் எங்களுக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் விழுந்தாள். வேகமே இல்லை. நீலக் கம்பு நட்ட சரிவு, குழந்தைகள் இறங்குகிற இடம். வெயிலில் இளகிக் கனத்திருந்த பனிக்குள் இடது பலகை புகுந்துகொண்டது. அவள் உடம்பு திரும்பியது, பலகை திரும்பவில்லை. பூட்டு விடவில்லை. நான் பக்கத்தில் போனபோது அவள் கத்தவில்லை. காலணியைக் கழற்றச் சொன்னாள். விரல்களைப் பாதத்தின் மேல் வைத்து வெகுநேரம் அசையாமல் இருந்தாள்.

"அம்மா, பாதத்துல நாடி இல்ல."

அவள் நர்ஸ். நான் அட்டவணை போடுகிறவள். அவள் சொன்னது எனக்கு முதலில் புரியவில்லை.

எலும்பு முறியவே இல்லை, மேடம். முழங்கால் மூட்டு இடம் பெயர்ந்து, பின்னாலிருந்த ரத்தக்குழாய் கிழிந்திருந்தது. அடிவாரத்து டாக்டர் ஒரே ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே இயந்திரத்தின் பக்கமே போகாமல் ஹெலிகாப்டருக்குப் போன் செய்தார். மேகம் இறங்கியிருந்தது, ஹெலிகாப்டர் வர முடியாது என்றார்கள். மலைப்பாதையில் ஆம்புலன்சுக்கு முன்னால் பனி தள்ளும் வண்டி போனது. இருபத்தொரு வளைவு. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். வியாழக்கிழமை முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள்.

விசாரணையில் படிவம் வெளியே வந்தபோது, "வரி மாறிப்போச்சு" என்றேன். யாரும் சந்தேகப்படவில்லை. உங்கள் சக அதிகாரி எனக்குத் தண்ணீர் கொடுத்தார். ரெஜிஸ் என்னை அணைத்துக்கொண்டு, "யாருக்கும் நடக்கும், மிரேய். உன்னை நீயே கொல்லாதே" என்று அழுதார். அவர் தோளில் முகம் வைத்து அழுதேன். அது நடிப்பில்லை.

சொலேன் மட்டும் தலையணையிலிருந்து என்னைப் பார்த்துக் கேட்டாள். "அம்மா, நீ வரி மாத்தி எழுதற ஆளா?"

நான் அவள் போர்வையைச் சரிசெய்தேன். அதன்பின் அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பயிற்சி நிலையத்துக்கு அப்பாவை மட்டும் வரச் சொன்னாள். செயற்கைக் காலோடு நடக்கப் பழகினாள். அந்த ஆஸ்பத்திரி அவளுக்காகக் காத்திருந்தது. இது என் கணக்கில் இல்லாத விஷயம். செப்டம்பரில் அவள் மொந்த்ரியால் போய்விட்டாள்.

பழி முழுவதும் அன்செல்மின் தலையில் விழுந்தது. ஆளைப் பார்க்காமல் பலகை கொடுத்தார், படிவத்துக்கும் மேலே முறுக்கினார். மூன்று கிலோ கூட்டியதை அவரே ஒளிக்காமல் சொல்லிவிட்டார். கடையை மூடிவிட்டார்கள். போன மாதம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. கோணல் எழுத்து. உங்கள் மகள் வயதில் எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், என் கைகளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தார். அதை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். மறுபடி எடுத்துப் படித்தேன். எத்தனை முறை என்று தெரியவில்லை. அந்த மனிதர் செய்தது ஒரு பிழை. என்னுடையது பிழை இல்லை. அதனால்தான் நானாகவே இங்கே வந்தேன்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். இதை ரெஜிஸிடம்கூடச் சொல்லவில்லை, அவரும் அங்கே நின்றிருந்தார் என்றாலும். படிவத்தை நிரப்பியது அக்டோபரில், கோபத்தில், ஏதோ ஒரு வேகத்தில் என்று நீங்கள் எனக்காக ஒரு சமாதானம் தேடலாம். திங்கட்கிழமைக்கு அப்படி ஒரு சமாதானம் கிடையாது.

திங்கள் காலை லிஃப்ட் அடியில், எல்லோரும் பயன்படுத்தச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்ட ஸ்குரூடிரைவரால் ரெஜிஸ் தன் பூட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தார். சொலேன் தன் காலை நீட்டினாள்.

"அப்பா, என்னோடதையும் கொஞ்சம் தளர்த்திவிடேன். கழட்டறதுக்கே ஏறி மிதிக்க வேண்டியிருக்கு."

அவர் குனிந்துவிட்டார். ஸ்குரூடிரைவரின் முனை திருகின் மேல் உட்கார்ந்துவிட்டது. ஒரே ஒரு சுற்று போதும். சனிக்கிழமையிலிருந்து நான் பயந்துகொண்டிருந்தது இதற்காகத்தான். நிம்மதியாகக்கூட இருந்தது. அப்போது அவள், "மொந்த்ரியால்லயும் மலை இருக்காம்ப்பா, ஞாயித்துக்கிழமை போகலாமாம்" என்று சொல்லிச் சிரித்தாள்.

"அதுல கை வெக்காதீங்க ரெஜிஸ்" என்றேன். "கடைக்காரர் அளந்து வெச்சது. உங்க கை பட்டா எதுதான் உருப்பட்டிருக்கு?"

அவர் சிரித்துக்கொண்டே ஸ்குரூடிரைவரைத் தொங்கவிட்டார். அவளும், "சரிம்மா, நீ சொன்னா சரி" என்றாள்.

அவ்வளவுதான், மேடம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஒரே ஒரு சந்தேகம். வழக்கு என்று வந்தால் சொலேனை நேரில் அழைப்பீர்கள், இல்லையா? பாதிக்கப்பட்டவள் அவள்தானே, அவளைக் கேட்காமல் முடிக்க முடியாது என்று படித்தேன். பிப்ரவரியில் வைத்தால் அவளுக்குச் சௌகரியமாக இருக்கும். ஆனால் தேதியை இப்போதே சொல்லிவிட வேண்டும், பிப்ரவரிக்கு அக்டோபரிலேயே விமான டிக்கெட் எடுத்தாக வேண்டும். மாடிப்படி அவளுக்குச் சிரமம். அதனால் எங்கள் வீட்டுக் கீழ் அறையில் கட்டிலைப் போட்டுவிட்டேன், ஜன்னல் பக்கமாக.