வெல்டிங் இல்லாமல் ஒரு முகக்கம்பி

எனக்கு வெல்டிங் வராது. அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து கூரை மேல் ஆணி அடித்த கை இது. நாற்பத்தொன்றில்தான் நூலகத்து மாலை வகுப்பில் தன் பெயரை எழுதப் பழகிற்று. எழுத்து கோணலாக இருந்தால், ப்ரூயிட் மேடம், நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். "ஓரின், நடந்ததை உங்க கையாலயே எழுதிக் குடுங்க. நான் போய் காபி போட்டு எடுத்துட்டு வர்றேன்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். போலீஸ் ஸ்டேஷன் காபி நன்றாகவே இருக்கிறது.

எங்கள் சனிக்கிழமை உங்களுக்குத் தெரியாததல்ல. திடலில் குழாய் ரிப்பேர்காரனும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளும் நானும் அந்தக் காலத்துப் போர்வீரர் மாதிரி இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு, டேப் சுற்றிய பிரம்பு வாளால் ஒருவரை ஒருவர் மொத்திக்கொள்வோம். பிறகு வறுத்த கோழியும் சோள ரொட்டியும். ஆட்டத்தில் நடுவர் யாரையும் 'நீ செத்தாய்' என்று சொல்ல மாட்டார். அடிபட்டவனே சொல்ல வேண்டும். பலமாகப் பட்டால் 'நல்ல அடி' என்று சொல்லிச் சாய வேண்டும். படவில்லை என்றால் 'லேசு' என்று சொல்லித் தொடரலாம். மறுகேள்வி கிடையாது. அவ்வளவு நாணயமான ஆட்டம்.

வெண்டெல் க்ரேக்ராஃப்ட் டயர் கடை வைத்திருக்கிறார். என்னை இந்த ஆட்டத்துக்குக் கூட்டி வந்ததே அவர்தான். எனக்குப் படிக்கத் தெரியாத காலத்தில் எனக்கு வந்த கடிதங்களை எல்லாம் கடை வாசலில் உட்கார்ந்து படித்துக் காட்டியவரும் அவர்தான். தங்கமான மனிதர். ஒரு குறைதான், எந்த அடி வாங்கினாலும் 'லேசு' என்பார். மூன்று இலையுதிர் காலப் போட்டிகளில் இறுதி ஆட்டத்தில் அவரோடு மோதினேன். மூன்றிலும் அடித்தது நான், லேசு என்றது அவர், கிரீடம் போட்டுக்கொண்டதும் அவர்.

"என்னடா ஓரின், கொசு அடிக்கிறியா?" என்பார்.

"காண்டாமிருகத்துக்குக் கொசு கடிச்சா தெரியவா போகுது?" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

தலைக்கவசத்தில் முகத்தைக் காக்கிற முகக்கம்பி செய்வதில் எனக்கு ஒரு பெயர் உண்டு. சுண்டுவிரல் கனத்தில் ஐந்து கம்பிகள். பழைய கேஸ் உருளையில் வைத்து வளைத்தால் முகவாட்டம் தானாக வரும். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை. அதில் துளை போட்டுக் கம்பிகளை நுழைத்துவிட வேண்டும். அதன்பின் நுனிகளைக் கறி சுடும் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்டவாளத் துண்டில் வைத்துத் தட்டையாக அடித்து, துளையிட்டு, கவசத்தின் ஓரத்தில் ரிவிட் ஆணி அடிக்க வேண்டும். முதல் கவசத்தில் நான் நுனியைத் தட்டிவிட்டுப் பிறகு நுழைக்கப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீண். வெல்டிங் சொல்லாமல் விட்டுவிடும். ரிவிட் அப்படியல்ல, தளர்ந்தால் கடகடவென்று சொல்லிவிடும்.

ஆகஸ்டில் வெண்டெல் தன் கவசத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கடைக்காரன் வெல்டிங் விட்டுப்போச்சுடா. உன் கம்பி போட்டுக் குடு. என் மூஞ்சியை உன் கையில ஒப்படைக்கிறேன்."

"அந்த மூஞ்சியை வச்சு நான் என்ன பண்றதாம்?"

"காக்கா ஓட்டு!"

அவர் தலையை நூல் பிடித்து அளந்தேன். கண்ணுக்கும் கம்பிக்கும் நடுவே ஒன்றரை விரல்.

நான் யோசித்தது ஒன்றே ஒன்றுதான். என் கம்பி நல்ல கம்பி. அதற்குப் பின்னால் போய்விட்டால் அவருக்கு அடி இன்னும் தெரியாது. இன்னும் லேசு, லேசு என்பார். நாலு பேர் முன்னால் அவருக்குத்தானே கேவலம்? ஆகவே இடது பக்கம், கண் உயரக் கம்பிக்கு மட்டும், இரும்பு ரிவிட்டுக்குப் பதில் தூண்டில் ஈயத்தை வைத்து அடித்தேன். அந்த ஈயத்தின் தலையை ரிவிட் போலவே உருட்டி, அடுப்புக்குப் பூசும் கறுப்புச் சாயம் பூசினேன். ஈயத்தில் ஒரு வசதி, அது கடகடக்காது.

போட்டியன்று பரிசோதனை செய்தவள் மிர்னா. கம்பி இடைவெளி ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் கனத்து மரக்குச்சியை நுழைத்துப் பார்ப்பாள். குச்சி உள்ளே போகக் கூடாது. பிறகு கவசத்தை உலுக்குவாள். சத்தம் வரக் கூடாது. போகவில்லை, வரவில்லை.

"ஓரின் வேலைன்னா நான் கண்ணை மூடிட்டே பாஸ் போடுவேன்" என்றாள். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

இறுதி ஆட்டம் எனக்கும் அவருக்கும். இடது பக்கம் கண் உயரத்தில் ஒரு குத்து, அதே இடத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் லேசு என்றார். மூன்றாவதில் ஒன்றும் சொல்லவில்லை.

தற்செயல் என்று எழுத மாட்டேன். அதே மாதிரி இன்னொன்று செய்து வீட்டுக் கம்பத்தில் மாட்டி முன்கூட்டியே குத்திப் பார்த்திருந்தேன். மூன்றாவது குத்தில் கம்பி இரண்டு விரல் உள்ளே வந்தது. கூட்டிக் கழித்துப் பார்க்கிற அளவுக்கு நான் படித்துவிட்டேன். செய்தது நான்தான்.

மருத்துவமனையில் மிச்சமிருந்த கண்ணால் என்னைப் பார்த்து, கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல அடிடா ஓரின். உன் கம்பியைக் குறை சொல்லாத, என் தலைதான் பெருசு." இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை. அவருக்காகத்தான் செய்தேன் என்பது அப்போது எனக்கே உறுதியாயிற்று.

உங்கள் கேள்வி ஒன்று பாக்கி. மிர்னாவின் தம்பி எடுத்த வீடியோவை மூன்று தடவை ஓட்டிக் காட்டினீர்கள். என் கடைசிக் குத்துக்குச் சற்று முன் வெண்டெலின் வாள் என் தோளில் இறங்குகிறது, என் முழங்கால் மடங்குகிறது. "இது உங்களுக்கு வலிக்கலையா?" என்று கேட்டீர்கள். சட்டையைக் கழற்றினால் இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது.

ஆனால் மேடம், அது லேசு.