புருசன் பேர் திருமலை

இல்லைப் பிள்ளை, வாழைப்பழம் எண்டு நான் சொல்லமாட்டன். கிளியும் சொல்லமாட்டன். நாளைக்கு நாக்கில பாதியை வெட்டப்போயினம், அதுக்கு முதல் குரலைப் போனில பிடிச்சு வைக்கவேணும் எண்டியள், சரியெண்டு வந்து இருக்கிறன். அதுக்காக இந்த வயசில நேசறிப் பிள்ளை மாதிரி வாழைப்பழம் சொல்ல ஏலாது. நான் என்ர பாட்டுக்குக் கதைக்கிறன், நீங்க பிடிச்சுக்கொண்டிருங்கோ. லைட் எரியுதெல்லோ? ஓம், அப்ப சரி.

அண்டைக்கு மீற்றிங்கில நீங்களும் ஒரு மூலையில இருந்தனீங்கள். நான் உள்ள வர உங்கட முகம் போன போக்கை நினைச்சா இப்பவும் சிரிப்பு வருது. பின்ன என்ன? வெட்டுற டொக்டர், கரண்ட் பிடிக்கிற டொக்டர், மருந்து ஏத்துற டொக்டர், பல்லு டொக்டர், சாப்பாட்டு மிஸ், நேர்ஸ் றிஷானா, கதை பழக்கிற நீங்கள். இவ்வளவு பேரும் கதவைச் சாத்திப்போட்டு என்ர நாக்கைப் பற்றிக் கதைக்கிறியள், நாக்கு வெளிய வாங்கில குந்திக்கொண்டிருக்குது! அதுதான் தள்ளிக்கொண்டு வந்து, கதிரையை இழுத்துப்போட்டு இருந்தனான்.

றிஷானா கெட்டிக்காரி. கிண்ணியாப் பிள்ளையெல்லோ. இருங்கம்மா, நான் சொல்லித்தாறன் எண்டு பக்கத்தில வந்து நிண்டு, அவையின்ர இங்கிலீசை எல்லாம் தமிழாக்கிப் போட்டா. கரண்ட் டொக்டர் முதல் கரண்ட் பிடிச்சுப் பாப்பம், நாக்கு மிஞ்சும் எண்டார். வெட்டுற டொக்டர் பிந்தினா புற்று கழுத்துக்கு இறங்கிடும் எண்டார். பிறகு அவரே எழும்பி வந்து, தனக்குத் தெரிஞ்ச தமிழில, அம்மா, கதை கொஞ்சம் போகும், அம்மா இருக்கும் எண்டார். நான் வெட்டுங்கோ எண்டன். அவ்வளவுதானே கதை? அதை என்னட்ட முதலே கேட்டிருக்கலாம்.

ஆர் கேக்கவிட்டது? என்ர மனுசன். எல்லாரிட்டயும் போய், வாய்ப்புண் எண்டு மட்டும் சொல்லுங்கோ, அவ பயந்திடுவா எண்டிருக்கிறார். நானாம் பயப்பிடுறது! ஒரு நண்டு விரலைக் கவ்வினதுக்கு வள்ளத்துக்குள்ள மயங்கி விழுந்தவர் அவர். நான்தான் தண்ணி தெளிச்சு எழுப்பி, நண்டையும் கழட்டி, பின்னேரம் கறியும் வச்சனான். நல்ல நண்டு. முருங்கையிலை போட்டு, கொஞ்சம் தேசிக்காய்ப் புளியும்... சரி சரி, வாறன்.

என்ன, மனுசன்ர பேரோ? போச்சுடா. நீங்களெண்டா ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிண்டு அந்தப் பக்கம் போற புருசனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவியள். எங்கட சல்லி ஊரில, கட்டினவர்ர பேரை வாயால சொன்னா அவருக்கு ஆயுள் குறையும் எண்டு சொல்லித்தான் வளத்தது. கலியாணம் கட்டின நாள் துவக்கம் இஞ்சாருங்கோ எண்டு கூப்பிடுறதுதான். மலையில இருக்கிற சாமியின்ர பேரும் அதோட ஒட்டினது எண்டு, கோயிலுக்குப் போனாலும் அப்பனே எண்டு கும்பிட்டுப்போட்டு வாறது. இங்க அட்மிட் பண்ணேக்க துண்டெழுதுற தம்பி புருசன் பேர் என்ன எண்டான். நான் யன்னலால கோயில் மலையைக் காட்டி, அந்தா, அதுதான் தம்பி எண்டன். அவன் எட்டிப் பாத்திட்டு, ஊரின்ர பேரைத் திருமலை எண்டு எழுதிப்போட்டான்! இப்ப ஊர் முழுக்க எனக்குப் புருசன்.

சிரியுங்கோ, சிரியுங்கோ. போன் ஆடுது, பாத்து.

நேற்று உங்களிட்டக் கேட்டனானெல்லோ, வெட்டினாப் பிறகு எந்தெந்த எழுத்துப் போகும் எண்டு. ம, ப எல்லாம் உதட்டில நிக்கும், ல, ள, ண எல்லாம் நாக்கு மேல எழும்பவேணும், பயிற்சி எடுத்தாலும் முந்தி மாதிரி வராது எண்டியள். கட்டிலில போய்ப் படுத்து, அந்தப் பேரைச் சத்தமில்லாம வாய்க்குள்ள உருட்டிப் பாத்தன். ம ஒண்டுதான் உருப்படியா மிஞ்சும் போல கிடக்கு. ம்மா எண்டு கத்த நான் என்ன பசுமாடோ?

அதுதான் பிள்ளை, வாழைப்பழத்தில மினக்கெட ஏலாது எண்டன்.

அவருக்கு ஆயுள் குறையுமாம். எனக்கு நாக்கே குறையுது, அவருக்கும் கொஞ்சம் குறையட்டுமே! வெட்ட வேண்டாம் எண்டு முகத்தைத் தூக்கி வச்சுக்கொண்டு வெளிய வாங்கில இருக்கிறார், பாத்தனீங்கள்தானே. அந்தக் கதவைத் திறந்துவிடுங்கோ. நல்லா. இன்னும். போனைக் கிட்டக் கொண்டுவாங்கோ.

கோணாமலை! இஞ்ச வாங்கோ!

ஐயோ, எழும்பின எழும்பலைப் பாருங்கோ, செருப்பும் கழண்டுபோச்சு. பிடிச்சிட்டியளோ பிள்ளை? பிடிக்காட்டியும் பரவாயில்லை, இன்னொருக்காக் கூப்பிடுறன்.